மூன்று வருடத் தயிர்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் வாசல் படலைக்குப் போய்த் தயிர்க்காரரிடம் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன், உன் முப்பத்தோராம் நாள் படையலுக்கு. பாலும் கோதுமையும் நம் இரண்டு வீடும் இருக்கும் வளவுக்குள் வரக்கூடாது என்று நான் சட்டம் போட்டு மூன்று வருடம். உனக்குப் பிடித்ததை இலையில் வைக்காமல் எப்படி என்று இன்று ஒரு நாள் மீறினேன்.

தயிர்க்காரர் உன்னை நினைத்துக் கொஞ்சம் வருந்தினார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்:

"இனி ஆரு தங்கச்சி கிழமைக்கு ரெண்டு சட்டி எடுக்கப் போறா? உங்கட பிள்ளைக்கெண்டுதான் எடுக்கிறவ. நீங்க வேலைக்குப் போனாப் புறகுதான் வரோணும் எண்டு கட்டளை. நான் என்ன கள்ளச் சாராயமா கொண்டாறன் எண்டு கேட்டுச் சிரிப்பன்."

வேறு வீட்டோடு குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். சட்டியை உன் குசினியில் வைத்து மேல் தாளைக் கிழித்தேன். மணத்துக்கு என் மகள் அபி வந்தாள். உன் அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னக் கிண்ணத்தையும் தயிரில் ஊற்றும் பாணிப் போத்தலையும் எடுத்தாள். சுவரோடு உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்துக் காத்திருந்தாள். எங்கே உட்கார வேண்டும் என்பதுகூட அவளுக்குப் பழக்கமாக இருந்தது. நானும் நிலத்தில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு ஓட்டிசம் என்று தெரிந்த பிறகு, கனடா மச்சாள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் கோதுமைப் பாண், பிஸ்கட், பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தினேன். "இதால சுகம் வரும் எண்டு நிச்சயமில்லை. நாலைஞ்சு சாப்பாடுதான் சாப்பிடுற பிள்ளை, கவனம்" என்றார் டொக்டர். நான் கோபித்துக்கொண்டு வந்தேன். "செய்து பாப்பம் தங்கச்சி. நானும் தயிர விடுறன்" என்றாய் நீ.

மாமாங்கக் கோயில் திருவிழாவில் ஐஸ்கிறீமுக்காக அபி மணலில் புரண்டபோது, "பிள்ளைக்கு ஒண்டு வாங்கிக் குடுங்களன்" என்ற பெண்ணோடு எனக்காகச் சண்டைக்குப் போனவள் நீ. அடுத்த நாள் மத்தியானமும், நான் வேலையில் இருக்கும்போது, அவளுக்குக் கிண்ணத்தில் தயிர் வைத்திருப்பாய்.

ஒவ்வொரு ஞாயிறும் அவளைப் பற்றி எழுதிவைக்கும் கொப்பியை உனக்கு வாசித்துக் காட்டுவேன். இந்தக் கிழமை சுவரில் தலையை இடிக்கவில்லை. விடியும்வரை நித்திரை. 'தண்ணி' என்று வாய்விட்டுக் கேட்டாள். எல்லாம் பத்தியத்தால் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். "நல்லம், நல்லம்" என்பாய். ஒரே ஒரு தடவை, "அவள் வளர்றாள்தானே தங்கச்சி, அதாலயும் இருக்கும்" என்று தொடங்கினாய். நான் மேலே பேச விடவில்லை.

நீ போன பிறகு அவள் மெலிந்துகொண்டே போகிறாள். போன கிழமை கிளினிக்கில் தராசைப் பார்த்த நேர்ஸ் மிஸ்ஸியின் முகம் மாறியது. பெரியம்மாவைத் தேடுகிறாள் என்றேன். அது பசியாகவும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன்மேல் இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. என் பிள்ளை, அக்கா. தயிர் அவளுக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்? பாணும் கொடுத்தாயா? உன்னைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. உன் படத்துக்கு முன்னால் வாழையிலை விரிக்கிறார்கள். ஆனால் அவள் உடம்பில் ஒட்டியிருந்த சதை நீ கொடுத்தது. அதையும் நான்தான் என் கெட்டித்தனம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன்.

அவளுக்கு ஊட்டிவிட்டேன். பாதி வழியில் நிறுத்தினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

பத்தியத்தை விடப் போகிறேன். வியாழக்கிழமை டொக்டரிடம் போய், நான் நினைத்த பத்தியம் ஒரு நாளும் நடக்கவில்லை என்று சொல்வேன். இனி என்ன கொடுப்பது என்று அவரையே கேட்பேன். அவளுடைய அப்பாவும் மற்றவர்களும், மூன்று வருடமாகத் தயிர் கொடுத்தது யார் என்று கேட்டால், நான்தான் என்பேன்.