பெருச்சாளி மேட்டில் பூசிய மஞ்சள்

என் ஆசை அக்காவுக்கு,

சுவர் எழும்பவில்லை. மற்ற சேதியெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேட்டுக்கொள். நம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருக்கிற தோட்டம் நீ விட்டுப்போனபடியே கிடக்கிறது. கிணறு, துவைக்கிற கல், கொடுக்காப்புளி மரம், ஈசானிய மூலையில் கிளுவையும் கோவைக்கொடியும் பின்னிக் கிடக்கிற புதர், எல்லாம் இருக்கிறது. நான் இருக்கிறவரை இருக்கும். கரிக்கலாம்பாக்கம் முழுக்கக் கேட்கும்படி இதைச் சொல்லியாகிவிட்டது, உனக்கும் எழுதிவிடுகிறேன்.

ஓரகத்திகள் என்றால் முடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. நம் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், நிலத்தைப் பாகம் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், மாட்டைக்கூடப் பிரித்தார்கள். கிணறு ஒன்றே ஒன்று என்பதால் தோட்டம் மட்டும் பொதுவில் நின்றது. சாயங்காலம் நாலு மணிக்கு நீ உன் அடுப்படியிலிருந்து வருவாய், நான் என் அடுப்படியிலிருந்து வருவேன். துவைக்கிற கல்லில் கிணற்றுப் பக்கம் உன் இடம், முருங்கைப் பக்கம் என் இடம். கையில் டீயோடு வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்போம். "இன்னாத்த அப்படிப் பாக்குறீங்க ரெண்டு பேரும்?" என்று உன் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரர், முப்பது வருஷமாகக் கேட்டார். ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை.

என்னத்தைப் பார்த்தோம்? தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து சருகைப் புரட்டிப் போட்டுச் சண்டை போடும். எப்போதும் கடைசியாக வந்து மற்றதையெல்லாம் அதட்டுகிற ஒன்றுக்கு நம் மாமியார் பேரை வைத்தாய். ஓணான் தலையாட்டினால் நீயும் பதிலுக்குத் தலையாட்டுவாய். அப்புறம் புதரிலிருந்து செம்போத்து இறங்கும். செங்கல் நிறச் சிறகை மடக்கிக்கொண்டு, சிவந்த கண்ணால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, ஒவ்வொரு அடியாக நடந்து வரும். "பாருடி, மேஸ்திரி வந்துட்டாரு, வேல ஒழுங்கா நடக்குதான்னு பாக்க" என்று ஒரு நாள் நீ சொன்னாய். அன்றிலிருந்து அதற்கு மேஸ்திரி என்றுதான் பேர்.

ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்போதெல்லாம், "மேஸ்திரி வந்தாராடி?" என்பதுதான் உன் முதல் கேள்வி. பெற்ற பிள்ளை வந்தானா என்றுகூட நீ கேட்கவில்லை. கடைசி வாரம் நான் வீட்டுப் பக்கமே போகாமல் உன் கட்டிலடியிலேயே கிடந்தேன். அப்போதும் கேட்டாய். "வந்தாருக்கா, ஒரு நத்தையக் கொத்திக்கினு போனாரு" என்றேன். பச்சைப் பொய். நீ சிரித்தாய். பொய் என்று தெரிந்து சிரித்தாயா, நத்தையை நினைத்துச் சிரித்தாயா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

உன் காரியம் முடிந்து மூன்றாம் மாதம் ராஜவேலு சென்னையிலிருந்து வந்தான். உன் பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சொல்லத்தான் போகிறேன். "சித்தி, தோட்டத்துல நடுவுல சுவரு எழுப்பிடலாம். என் பங்க மனையா வித்துடறேன். பொதரு, பாம்பு, இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றான். உன் வீட்டுக்காரர் போனபிறகு பாதித் தோட்டம் அப்பா வழியில் அவனுக்கு, பாதி அவன் சித்தப்பாவுக்கு. என் பேரில் ஒரு சாண் மண் கிடையாது. "நல்ல நாள் பாத்துக் கையெழுத்துப் போட்டுடலாம்டா" என்று இவரும் தலையாட்டிவிட்டார். அதற்கு முன்னால் புதரை மட்டும் தள்ளிவிடலாம், மறுநாள் காலையில் ஜேசிபி வரும் என்று முடிவானது. நான் பக்கத்தில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் புதரில்தான் மேஸ்திரியும் ஜோடியும் கூடு கட்டியிருந்தார்கள் அக்கா.

புதரடியில் பெருச்சாளி தோண்டித் தள்ளிய மண் மேடு ஞாபகம் இருக்கிறதா? நாம் இரண்டு பேரும் பார்க்கப் பார்க்க முழங்கால் உயரத்துக்கு வளர்ந்ததே, அதுதான். காலையில் எழுந்து வாசல் தெளித்த கையோடு மஞ்சளைக் குழைத்தேன். மேட்டைச் சுற்றிப் பூசினேன். மேலே ஒரு குங்குமப் பொட்டு, ஒரு செம்பருத்திப் பூ. புற்று என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பூசிவிட்டு இட்லிக்கு அரைக்கப் போய்விட்டேன்.

ஜேசிபிக்காரர் வண்டியை விட்டு இறங்கினார். முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றினார். "இன்னாங்க, புத்து கீதுன்னு சொல்லவே இல்ல? நான் கை வெக்க மாட்டேம்பா. எனக்கும் புள்ளகுட்டி கீது" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ராஜவேலு, கம்ப்யூட்டர் படித்த உன் ராஜவேலு, கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். நீ இருந்திருந்தால் இரண்டு பேரும் சிரித்தே மாட்டிக்கொண்டிருப்போம்.

சிரிப்பு ஒரு வாரம்தான் நிலைத்தது. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பச்சையம்மா பால் கொண்டுவந்தாள். மறு வெள்ளி பத்துப் பேர் முட்டையோடு வந்தார்கள். நம் தோட்டத்துச் சாரைப்பாம்பு பாவம், அது பாட்டுக்கு வேலியோரம் போனதை ஒருத்தி பார்த்துவிட்டு நாகம்மா காட்சி கொடுத்தாள் என்றாள். அவ்வளவுதான், அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று கூட்டம். நடக்க வழி வேண்டும் என்று கோவைக்கொடியை யாரோ அறுத்தார்கள். முட்டைக்குக் காக்கை வந்தது, காக்கையைத் துரத்த நாய் வந்தது. பஞ்சாயத்து பேசுகிற தணிகாசலம் வந்து நின்று, "ஆடியில கூழு ஊத்திடலாம். தகர ஷெட்டு, மைக் செட்டு, சீரியல் லைட்டு, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

மேஸ்திரியைக் காணோம். நான்கு நாள், ஐந்து நாள், பத்து நாள். கூட்டைப் போய்ப் பார்த்தேன், காலி. ஜேசிபிக்கு மறைத்துவைத்ததை நானே ஊரைக் கூட்டி மிதிக்கவிட்டேன் அக்கா. அன்றைக்குத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன், உன்னைப் பறிகொடுத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக. நீ போன அன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபமில்லை. இப்போது என் மேலேயே எனக்குக் கோபம்.

ஆடி மூன்றாம் வெள்ளி. தோட்டம் நிறைய ஜனம். நான் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்தேன். "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி மேட்டின் தலையில் ஊற்றினேன். மஞ்சள் கரைந்து ஓடியது.

"அய்யய்யோ, இன்னாடி பண்ற மல்லிகா!" என்று பச்சையம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மண்வெட்டியை எடுத்து மேட்டின் ஓரத்தை இரண்டு வெட்டு வெட்டினேன். காய்ந்த தேங்காய்ச் சில்லு வந்தது, நெல்லுக் கதிர் வந்தது, அதோடு பல் பதிந்த நீல சோப்புக் கட்டியும் வந்தது. அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "போன மாசம் காணாமப் போன என் துணி சோப்பு இது. எந்த ஊர்லம்மா பாம்பு சோப்பு திங்குது? இது பெருச்சாளி தோண்டின மேடு. மஞ்சள் பூசினது நான். பொதர வெட்டக் கூடாதுன்னு பூசினேன். தப்பு என்னுது, மன்னிச்சிடுங்க. எல்லாரும் கெளம்புங்க."

கூட்டம் சோப்புக் கட்டியை எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு பச்சையம்மா மெதுவாக, "பெருச்சாளின்னா புள்ளையார் வாகனமாச்சே?" என்றாள். தணிகாசலம் விடுவாரா? "அதுவும் சரிதான், புள்ளையார் கோயிலாவே கட்டிடலாம்" என்றார். "புள்ளையாருக்குத் தெருமுனையில வூடு கீது. இது பெருச்சாளி வூடு" என்று வாளியைக் கீழே வைத்தேன். அன்றைக்குக் கலைந்ததுதான் கூட்டம்.

சேதி கேட்டு ராஜவேலு ஓடிவந்தான். "ஒரு பெருச்சாளிக்கா சித்தி இவ்ளோ ஆட்டம்? ஊரே சிரிக்குது."

"ஆமாண்டா, பெருச்சாளிக்குத்தான். செம்போத்துக்கு, ஓணானுக்கு, எனக்கு. இதையெல்லாம் பாக்க எனக்குப் புடிக்கும், உங்கம்மாவுக்குப் புடிக்கும். வேற ஒரு காரணமும் இல்ல. சாமி இல்ல, மூலிக இல்ல. புடிக்குது, அதனால வுட மாட்டேன். சுவரு எழுப்பணும்னா அந்தக் கோட்டு மேல நாற்காலி போட்டு உக்காருவேன். என்னையும் சேத்து ஜேசிபியில அள்ளிக்கோ."

இதை நான் முதல் நாளே, காபி ஆற்றிக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்கலாம் இல்லையா? வெட்கமாக இருந்தது அக்கா. அறுபதைத் தொடப்போகிற பொம்பளை ஒரு பறவையைப் பார்க்கிறதற்காகச் சுவரைத் தடுக்கிறாள் என்றால் சிரிப்பார்களே என்று சாமியைத் துணைக்கு இழுத்தேன். இப்போது சிரித்தும் முடித்துவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பெருச்சாளியம்மா என்று பேர். கூப்பிடட்டும், திரும்பிப் பார்த்து "இன்னா?" என்று கேட்கிறேன். நம் வேலிக்கு அந்தப் பக்கம் நெல் விளைந்த இடத்தில் இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கல்தான் விளைகிறது. வாங்கினவர்கள் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ரெட்டைவால் குருவி மட்டும் கல்லுக்குக் கல் மாறி உட்கார்ந்து எல்லா மனையையும் ஆண்டுகொண்டிருக்கிறது. அதையும் நான் தினம் பார்க்கிறேன், யார் என்ன செய்துவிடுவார்கள்?

உன் கொழுந்தன் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. தெருவில் தலை காட்ட முடியவில்லையாம். பன்னிரண்டாம் நாள் ராஜவேலு போன் செய்து கையெழுத்து எப்போது என்று கேட்டான். இவர் போனைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்க சித்தியக் கேட்டுக்கோடா" என்று சொல்லி வைத்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. என்னைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று ராஜவேலுவுக்குத் தெரியும், அதனால் இதுவரை அவன் கேட்கவில்லை.

நேற்று நாலு மணிக்குக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னா, வந்துச்சா?" என்றார்.

"எது?"

"அதான், உங்க மேஸ்திரி."

"வரல" என்றேன். அவர் மெல்ல நடந்து வந்து கிணற்றுப் பக்கமாக உட்காரப் போனார். "அது அக்கா எடம். அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காருங்க" என்றேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். இருட்டும்வரை இரண்டு பேரும் புதரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா, ஒரு தடவை உன்னிடம் பொய் சொன்னேன், இனிமேல் சொல்ல மாட்டேன். மேஸ்திரி இன்னும் வரவில்லை. அறுத்த கோவைக்கொடி மட்டும் திரும்பத் துளிர்த்து ஒரு முழம் ஏறியிருக்கிறது. அதன்மேல் எவன் கையும் படாது, இது சத்தியம்.

உன் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உன் ஓரகத்தி,
மல்லிகா