வெளியூர்த் தச்சனின் பெயர்

அன்புள்ள அக்கா,

இன்று காலை மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் நடைபாதைக்குக் கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரக் கல்தூளின் மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் மலையூர் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு பனிக்காலம் கழிந்துவிட்டது.

டோர்வலில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில், பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். மட்டக்களப்பிலிருந்து வந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சு வராது. கிரேக்கத்திலிருந்து வந்து எத்தனையோ காலமாகியும் உங்களுக்கும் அரைகுறைதான். அந்த அரைகுறையில்தான் உங்கள் அப்பாவின் கதையைச் சொன்னீர்கள். தேவாலயக் கூரையைத் திருத்த வெளியூரிலிருந்து வந்த தச்சர் அவர். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். போர்க்காலத்தில் ஜெர்மன் படையினர் மலையேறி வந்து, வீடுகளை எரித்து, ஆண்களைச் சதுக்கத்தில் நிறுத்திச் சுட்டார்கள். அவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் ஊரார் நட்ட நினைவுக்கல்லில் இறந்த எல்லாருடைய பெயரும் இருந்தது, அவருடையதைத் தவிர. அவர் இந்த ஊர்க்காரர் இல்லையே என்றார்களாம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், நினைவு நாளுக்கு அந்த ஊருக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றீர்கள்.

"நான் வாறன், அக்கா," என்றேன்.

நினைவு நாளில் ஊர்த்தலைவர் பெயர்களை வாசித்து முடித்ததும் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லின் முன்னால் போய் நின்றீர்கள். அங்கே உங்கள் மொழியில் சொன்னதைப் பிறகு எனக்கும் சொன்னீர்கள். என் தமிழில் அது இப்படித்தான் பதிந்திருக்கிறது:

"சுடக்குள்ள, நீ எந்த ஊரெண்டு ஆரும் அவரிட்டக் கேக்கல்ல. நீங்க மட்டும் ஏன் கேக்கீங்க?"

கூட்டத்தில் ஒரு கிழவி ஊன்றுகோலோடு எழுந்து, அன்று சிறுமியாக இருந்த தன்னை எரிகிற வீட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்தவர் அந்தத் தச்சர்தான் என்றாள். ஊர்த்தலைவர் தொப்பியைக் கழற்றினார். நாங்கள் திரும்புவதற்குள் கல்வெட்டுகிறவர் வந்து பெயரைக் கொத்தினார். ஒவ்வொரு எழுத்தின் குழியிலும் விரலை விட்டுப் பார்த்தீர்கள். விரலெல்லாம் வெள்ளைத் தூள். சதுக்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தீர்கள். அன்று மாலை வட்டமாகக் கைகோத்து ஆடியவர்களுக்கு நடுவே, சேலையோடு நின்ற என்னையும் இழுத்துவிட்டீர்கள்.

எங்கள் ஊரிலும் படையினர் சுட்டபோது, அன்று புடவை விற்க வந்திருந்த பக்கத்து ஊர் முஸ்லிம் வியாபாரி ஒருவர் எங்கள் ஆட்களோடு செத்தார். மொன்றியலில் நாங்கள் வருடாவருடம் விளக்கேற்றிப் பெயர்களை வாசிக்கிறோம். அவர் பெயரை ஒருமுறையும் வாசித்ததில்லை. இந்த வருடம் நான் எழுந்தேன். சிலர் முணுமுணுத்தார்கள். நான் உட்காரவில்லை. உங்களிடமிருந்து எனக்குள் தங்கியிருப்பது அந்தப் பிடிவாதம்தான், அக்கா. கடைசியில் ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. பெயரைச் சொன்னேன். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

அவருடைய மகனைத் தேடிப் பிடித்து, போனில் கேட்டுக்கொண்டிருக்கச் செய்திருந்தேன். அவர் சொன்னார்:

"வாப்பாட பேர இன்னொருக்கா வாசிங்க, தங்கச்சி. உம்மாவும் கேக்கட்டும்."