அக்காவின் வேகத்தில் நாலு சரணம்

என் அவசரக்கார எஸ்தர் அக்காவுக்கு,

போன இடத்திலும் எல்லாரையும் உயர வரிசையில் நிற்கவைத்து விசில் ஊதிக்கொண்டிருப்பாய். கொஞ்ச நேரம் அந்த விசிலைக் கீழே வை. உன் நினைவு ஆராதனையில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டும். வேறு யாராவது வந்து சொன்னால் நம்பாதே. பசுமலையில் இப்போது அதைப் பற்றி ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

கார்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. நம் மதுரம் அத்தை தானாகப் பொறுப்பெடுத்துக்கொண்டு, காளவாசலில் ஒரு அச்சகத்தில் கொடுத்து அடித்து வாங்கி வந்துவிட்டார். அப்பா உயிரோடு இருந்திருந்தால் தன் தங்கச்சியை ஒரு அதட்டாவது அதட்டியிருப்பார். வழவழவென்று தாள், ஓரத்தில் லில்லிப் பூ, நடுவில் பட்டுச்சேலையில் நீ. படத்துக்குக் கீழே, 'அமைதியாய் வாழ்ந்து அமைதியாய் உறங்கிய எங்கள் சகோதரி' என்று போட்டிருந்தது. வேறு யார் வீட்டுக் கார்டையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

நீயா அமைதி? மைதானத்தின் ஒரு கோடியில் ஷூ லேஸ் கட்டாமல் நிற்கும் பிள்ளையை மறுகோடியிலிருந்து பெயர் சொல்லி அலறவைத்த பி.டி. டீச்சர் நீ. ஸ்கூட்டரில் சிக்னலில் நின்றால், பச்சை விழுவதற்குள் பக்கத்து பஸ் டிரைவருக்கு எப்படி வளைக்க வேண்டும் என்று பாடம் எடுப்பாய். அந்தப் படத்தில் நீ வாயை மூடியிருப்பதுகூட, "டீச்சர், ஒரே ஒரு செகண்டு பேசாம இருங்க" என்று ஸ்டூடியோக்காரர் கெஞ்சியதால்தான். நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும்.

அத்தையிடம் கேட்டே விட்டேன்.

"வேற என்னத்தடி போடச் சொல்ற? கல்யாணமா காட்சியா, புள்ளையா குட்டியா? பாவம், ஒண்டிக்கட்டையாவே போய்ச் சேந்துட்டா. அமைதியா இருந்தான்னு போட்டா நாலு பேரு படிச்சிட்டு உச்சுக் கொட்டுவாகள்ல?"

அந்தப் 'பாவம்'தான் எனக்குச் சுட்டது அக்கா. கல்யாணம் கட்டாத ஒருத்தி செத்துப்போனால் உடனே அவளைப் பாவமாக்கி, அமைதியாக்கி, ஓரமாக உட்காரவைத்துவிட வேண்டும் இவர்களுக்கு. எத்தனை மாப்பிள்ளையை நீயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாய் என்பதை யாரும் பேசுவதில்லை. ஆராதனை இந்தக் கார்டின்படியே நடந்து முடிந்தால், நாளைக்கு ஊருக்கு உன்னைத் தெரியாது, இந்தக் கார்டில் இருப்பவளைத்தான் தெரியும். அப்படி உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

என் கையில் என்ன இருந்தது? ஒரு பாட்டு இருந்தது. ஆராதனையில் குடும்பத்தார் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவது நம் சபையின் வழக்கம்தானே. நானும் தம்பி கிருபாவும் அம்மாவும் உனக்குப் பிடித்த அந்தக் கீர்த்தனையை எடுத்துக்கொண்டோம்.

ஆனால் நம் குடும்பம் பாடினால் எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது, ஏனென்றால் நீ எப்போதும் முன்னால் போய்விடுவாய். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்ட பேண்டு டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ அடிப்பாய். முதல் சரணம் ஒழுங்காகப் போகும். இரண்டாவதில் உன் கை லேசாக முந்தும். மூன்றாவதில் எல்லாரும் எட்டு வைத்து நடப்போம். நாலாவது சரணம் சுதந்திர தின மார்ச் பாஸ்ட். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும்போது, தாத்தா வேஷம் போட்டவர் பஞ்சுத்தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நமக்குப் பின்னால் ஓடிவந்தது ஞாபகம் இருக்கிறதா?

அம்மா ஒவ்வொரு கேட்டிலும் நின்று கத்துவாள்: "ஏண்டி, பஸ்ஸுக்கா போறோம்? பைய அடிச்சா என்னடி?"

நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். "ஆமாம்மா, பஸ்ஸுக்குத்தான். வெரசா வா!"

அது தப்புதான். தாளம் ஓடக்கூடாது என்று கீபோர்டு படிக்கப் போன புதிதிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உன்னோடு வாசித்து வாசித்து எங்கள் கையும் ஓடப் பழகிவிட்டது. இப்போது நிறுத்தச் சொன்னால் நிற்குமா?

பாடகர் குழுவை நடத்தும் சாமுவேல் சார் முன்னெச்சரிக்கையாகவே போன் செய்தார். உன் டிரம்மைக் கோயிலுக்குள் ஒருநாளும் ஏறவிடாத அதே சார்தான்.

"குடும்பமாப் பாடுறீங்க, சந்தோசம்மா. டிரம் மட்டும் வேணாம், இது துக்க ஆராதனை. அப்புறம், கீபோர்டுல ரிதத்தப் போட்டு விட்டுருங்க. மிஷினு கூடப் போனா வேகம் ஓடாது. உங்க குடும்பத்தப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மனுஷன் கெட்டவர் இல்லை. சொன்னதும் சரிதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வில்லாபுரத்தில் என் வீட்டில் வைத்துப் பழகிப் பார்த்தோம். கீபோர்டில் ரிதத்தைப் போட்டேன். அது பாட்டுக்கு டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது சரணம் வருவதற்குள் நாங்கள் மூன்று பேரும் அந்த மிஷினை முந்திக்கொண்டு போய்விட்டோம். திரும்ப ஆரம்பித்தோம், திரும்பவும் அதேதான். கிருபா கிதாரை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதான்.

"அக்கா இல்லாமயே ஓடுது சின்னக்கா."

"ஓடட்டும்டா. ஓடுறபடியே வாசிப்போம்."

அம்மாதான் குறுக்கே வந்தாள். "சபையில சண்ட வேணாம்டி. அவுக சொன்னபடி வாசிச்சிட்டு மரியாதையா வந்துருவோம். போனவள வச்சு நாலு பேரு பேசக் கூடாது."

பெற்ற மகளைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் என்ன வாதாடுவது? சரிம்மா என்றேன். நாங்கள் மெதுவாகப் பாடப் பழகினோம் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினோம்.

ஆராதனை அன்று கோயில் நிறைந்துவிட்டது. உன் கோ-கோ அணிப் பிள்ளைகள் யூனிஃபார்மில் வந்து கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். உன்னிடம் முன்னாளில் படித்தவர்கள் கைக்குழந்தையோடு சுவர் ஓரமாக நின்றார்கள். உன்னைப் பற்றிய குறிப்பை சாமுவேல் சார்தான் வாசித்தார். அமைதி, பொறுமை, சாந்தம், மறுபடியும் அமைதி. ஒவ்வொரு அமைதிக்கும் அந்தப் பிள்ளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தப்பான ஆராதனைக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்து நாங்கள். ரிதத்தைப் போட்டேன். முதல் சரணம் சரியாக வந்தது. இரண்டாவதும் சரியாக வந்தது. முன் பெஞ்சில் அத்தை கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார். சாமுவேல் சார் கண்ணை மூடித் தலையசைத்தார். அந்தக் கார்டில் இருப்பவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது பாட்டு. மாலை போட்ட உன் படத்தைப் பார்த்தேன். யாரோ போல இருந்தாய். இன்னும் இரண்டு சரணம் இப்படியே போனால் நீ நிஜமாகவே யாரோ ஆகிவிடுவாய் என்று பயம் வந்தது.

ரிதத்தை நிறுத்தினேன்.

கிருபா என்னைப் பார்த்தான். அவ்வளவுதான், அவன் வலது கை கிளம்பிவிட்டது. மூன்றாவது சரணம் நம் வீட்டு வேகத்துக்கு வந்ததும், சாமுவேல் சார் எழுந்து நின்று, உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்தி மெதுவாக, மெதுவாக என்று சைகை காட்டினார். போதகர் எங்களைப் பார்க்கிறார், கமிட்டிக்காரர்கள் அவரைப் பார்க்கிறார்கள். என் பக்கத்தில் மைக்கைப் பிடித்திருந்த அம்மா பாடுவதை நிறுத்திவிட்டாள். என் விரல் தடுமாறியது. வழக்கமான அந்தக் கேள்வியை இப்போது கேட்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. சாரைப் பார்த்துச் சொன்னாள், மைக்கில், கோயில் முழுக்கக் கேட்க:

"கைய எறக்குங்கய்யா. எம்மகளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சொல்லிவிட்டு மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் முன் பெஞ்சின் மரத்தில் ஓங்கி அடிக்க ஆரம்பித்தாள். நீ அடிக்கிற அதே அடி. இத்தனை வருஷமும் திட்டிக்கொண்டே அதைக் கேட்டு வைத்திருக்கிறாள் அக்கா! கடைசி பெஞ்சுகளிலிருந்து கைதட்டல் கேட்டது. பிறகு காலடி. உன் பிள்ளைகள் எழுந்து, நின்ற இடத்திலேயே இடது வலது போட்டார்கள், நீ பழக்கியபடி, ஒரு கால்கூடத் தப்பவில்லை. நாலாவது சரணத்தில் கோயில் தரை அதிர்ந்தது. எனக்குக் கீபோர்டின் கட்டைகளே தெரியவில்லை, அவ்வளவு அழுதுகொண்டிருந்தேன். ஆனால் கை நிற்கவில்லை.

முடிந்ததும் அத்தை நேராக அம்மாவிடம் வந்தார். "துக்க ஆராதனையில இம்புட்டு ஆட்டம் ஆகுமா அண்ணி?"

"ஒண்டிக்கட்டன்னு சொன்னியாமே மதுரம். பின்னால திரும்பிப் பாத்தியா?" என்றாள் அம்மா. அத்தை காப்பி எடுக்கப் போய்விட்டார்.

சாமுவேல் சார் வாசலில் என்னைப் பிடித்தார். "தாளம் ஓடிருச்சேம்மா. இத நான் கமிட்டியில பேச வேண்டியிருக்கும்."

"பேசுங்க சார். எந்த ஞாயித்துக்கிழமன்னு சொல்லுங்க, நானும் வாரேன்."

இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போவேன். மன்னிப்புக் கேட்கப் போக மாட்டேன். மெதுவாகப் பாடுவதுதான் மரியாதை என்றால், அது மெதுவாக வாழ்ந்தவர்களுக்கு மரியாதை. உனக்கு எப்படி ஆகும்?

இரண்டு செய்தி பாக்கி இருக்கிறது. மிச்சமிருந்த கார்டுகளை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. உன் ஸ்கூட்டரைக் கிருபா ஓட்டுகிறான், உன்னைவிட மெதுவாகத்தான்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. அன்றைக்கு மைதானத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது எங்களை யாரையாவது நினைத்தாயா? "டீச்சர் வெளாட்ட நிப்பாட்டாதீங்கன்னுதான் சொன்னாங்க" என்கிறார்கள் பிள்ளைகள். அதற்குள் என்ன அவசரம் உனக்கு? உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதையும் தெரிந்துகொள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு டிரம்மை நான் மாட்டுகிறேன். பட்டை உன் உயரத்துக்கு வைத்தது, டிரம் எனக்கு முழங்காலில் இடித்தது. பட்டையைச் சுருக்கிக்கொண்டேன். டிசம்பர் குளிரில் பசுமலைத் தெருக்களில் உன் வேகத்திலேயே போவோம். தாத்தா வேஷம் போட்டவர் தாடியைப் பிடித்துக்கொண்டு ஓடி வரட்டும். சாமுவேல் சார் வீட்டு வாசலில் நாலு சரணமும் உண்டு. அம்மா கேட்டில் நின்று, "ஏண்டி, பஸ்ஸுக்கா போறோம்?" என்று கட்டாயம் கத்துவாள். நானும் திரும்பிப் பார்க்காமல், "ஆமாம்மா, பஸ்ஸுக்குத்தான். வெரசா வா!" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பேன். இது சத்தியம்.

உனக்குப் பின்னாலேயே ஓடி வளர்ந்த
உன் தங்கச்சி,
ரூபி