ஜெபமாலையில் ஏறிய ‘புட்’

1928 அக்டோபர், சனி இரவு.

என் வீட்டுக்காரருக்கு மேஸ்திரி வேலை கிடைத்துவிட்டது. கிடைக்காவிட்டால் ரங்கூனுக்குக் கப்பல் ஏறியிருப்பார். மாதாவுக்குத் தோத்திரம்.

துறைமுகத்தில் துரை இங்கிலீஷில் ஏவுவது புரிகிறவருக்குத்தான் அந்த வேலை. ‘புட்’ என்றால் வை என்று இவருக்குத் தெரியும். பின்னால் ஒரு சின்ன வார்த்தை ஒட்டினால் அர்த்தமே மாறுவதில்தான் தவித்தார். ‘புட் அவுட்’ என்றால் அணை, ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். நான் புத்தகத்தில் படித்தவற்றை, ஜெபமாலையில் மணிக்கு ஒன்றாக உருட்டிச் சொல்லவைத்தேன். பாவமோ என்று பயமாகவும் இருந்தது.

இன்று துரை அர்த்தம் கேட்கக் கேட்க, ஜேபிக்குள் மாலையை உருட்டியபடியே பதில் சொன்னாராம்.

சாயங்கால ஜெபத்தில் மாலையின் இரண்டாம் மணியை உருட்டும்போது இவர் வாய் தானாக ‘புட் ஆஃப்’ என்றது.

“இன்னாய்யா இது, மாதா கேட்டுக்கினு கீறாங்க!” என்றேன்.

“கேக்கட்டும்மே. அவங்களுந்தான கூட இருந்து பாஸ் பண்ணாங்க!”

சிரிப்பில் ஜெபம் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து சொன்னோம்.

இப்போது பாயில் படுத்தபடி விளக்கைக் காட்டி, “புட் அவுட்டு மே, புட் அவுட்டு!” என்கிறார். மேஸ்திரியின் முதல் உத்தரவு. அணைக்கிறேன்.