கீழ்த்தட்டில் கிடந்தவள்

ஆண்டர்சன்பேட்டை,
1903 ஆகஸ்டு

அன்புள்ள மகன் ஜெயகரனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ சுகமென்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, மருமகள் ஐடா சுகமா என்றுதான் தெரியவில்லை.

நன்றாக எழுதினாய் ராசா கடிதம். சென்னப்பட்டணத்தில் ஏறினதிலிருந்து பினாங்கில் இறங்கினது வரைக்கும் கப்பல், கப்பல், கப்பல். புகைபோக்கிக்குள் நம் சுரங்கக் கூலி லைன் வீடு இரண்டு நுழையுமாம், மேல்தட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாயாம், துரைமார் சாப்பிடுகிற கூடத்தைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாயாம். மின்சார விளக்கு எரிந்ததாம், அடடா, இங்கே போன வருஷமே வந்ததை நீ பார்த்துவிட்டுத்தானே போனாய்? இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வரி, ஐடா ஏறின நாள் முதல் வாந்தியெடுத்துக் கீழ்த்தட்டிலேயே கிடந்தாள் என்று. அடுத்த வரியில் நங்கூரச் சங்கிலி வந்துவிட்டது. எழுந்தாளா, ஒரு வாய் கஞ்சி குடித்தாளா, வயிற்றுப் பிள்ளை எப்படி இருக்கிறது, ஒன்றுமில்லை. அவள் குமட்டலுக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த உப்பு நாரத்தங்காயை நிலக்கரி தள்ளுகிறவனுக்குக் கொடுத்துச் சிநேகம் பிடித்து எஞ்சின் அறையைப் பார்த்தேன் என்று பெருமை வேறு. உனக்கு வெட்கமாக இல்லையா? அதைக் கேட்டதிலிருந்து அம்மா உன் பேரையே எடுப்பதில்லை.

நீ இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன்தானே. கூட இறங்கினவனைக் கீழே விட்டுத் தனியாகக் கேஜ் கூண்டில் மேலே ஏறி வருகிறவனிடம் இந்த லைனில் எவனும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். வெடிப்புகையில் கோவிந்தன் மயங்கி விழுந்தபோது, ஷிப்டு முடிந்து எல்லோரும் ஏறின பிறகும், ஆள் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தாயே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! கோவிந்தனுக்குச் செய்ததைக் கட்டினவளுக்குச் செய்ய உனக்கு மனசு வரவில்லையா? அவளைக் கீழே போட்டுவிட்டு மேலே காற்று வாங்கப் போனாயே, பாவி.

கடிதம் வந்த சேதி கேட்டு உன் மாமியார் தாயம்மா அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எம் பொண்ணப் பத்தி இன்னா எழுதிக்கீறாரு மாப்ள, வாசிங்க அண்ணா என்று கேட்டாள். நான் என்ன செய்ய? ஐடா நன்றாக இருக்கிறாள், தினமும் மேல்தட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று, சபையில் வேதம் வாசிக்கிற இந்த வாயால் வாசித்தேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மறுபடியும் அந்த இடத்தை வாசிங்க என்றாள். வாசித்தேன்.

கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளை. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. அவளுக்குச் சீரகத்தண்ணீர் வைத்துக்கொடு, கனத்த குடத்தைத் தூக்கவிடாதே. முக்கியமானது ஒன்று, பதிலை ஐடா தன் கையால் எழுதட்டும், இரண்டு வரி போதும். மேல்விலாசமும் அவள் எழுத்தாகவே இருக்கட்டும், உறையைப் பிரிக்கும் முன்பே அவள் எழுந்து உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியட்டும். உன் எழுத்தில் வந்தால் அவளைப் பற்றி மறுபடியும் ஒன்றும் இருக்காது, தாயம்மாவோ மறுபடியும் என் எதிரில் வந்து உட்காருவாள், இன்னொரு தடவை அப்படி வாசிக்க என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஏசுபாதம்