"நிறுத்து" என்ற இடத்தில் நான் காட்டிய சைகை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் வாலு எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே பயிற்சி மையத்தில் தச்சு வேலையைத் தொடுதிரையில்தான் கற்றுத்தருகிறார்கள். கருவியின் படத்தைத் தொட்டால் அதற்கான சைகை வீடியோவாக வரும். காது கேளாத எங்கள் கூட்டத்தில் என் கை வேகமானது என்று என்னையே நடிக்க வைத்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு வாய்க்கொழுப்பு என்றால் உன் மகனுக்குக் கைக்கொழுப்பு. "மெஷினை நிறுத்து" என்ற இடத்தில் சும்மா சிரிப்புக்காக, "தலையில் பேன் கடிக்கிறது" என்று காட்டிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த அக்காவுக்கும் காது கேளாது, பள்ளிக்கூடமே போகாதவள். சைகை எல்லாம் அந்தத் திரையைப் பார்த்துத்தான் கற்றாள். செவ்வாய்க்கிழமை துளை போடும் மெஷினில் அவள் சட்டைக்கை சிக்கியது. ஸ்விட்ச் பக்கத்தில் நின்றவனிடம் பேன், பேன் என்று காட்டினாள். அவன் சிரித்தான். சட்டைக்கை சிக்கியதைப் பார்த்த பிறகுதான் ஸ்விட்சை அணைத்தான். பயப்படாதே, வலது கையில் மூன்று தையல்தான்.

கட்டோடு அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "நான்தான் தப்பாக் காட்டிட்டேன் போல. சரியாச் சொல்லிக்குடு தம்பி" என்று இடது கையால் சைகை காட்டி என்னிடமே கேட்டாள். "அப்புறம் வரேன்கா" என்று நழுவிவிட்டேன். அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

இன்று வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டேன். "வீடியோவை மாத்திடலாம். அவகிட்ட நீதான்டா சொல்லணும்" என்றார்.

கோடு போடாத கறுப்புச் சட்டை அனுப்பு, வீடியோவை மறுபடி படம் பிடிக்கும்போது கை அதில்தான் தெளிவாகத் தெரியும். துவைக்காமல் உன் பெட்டியிலிருந்து உன் வாசனையோடு அப்படியே எடுத்து அனுப்பு.

அக்கா இடது கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். போய்ச் சொல்லிவிடுகிறேன், அம்மா.

உன் மகன்