நின்னுபோன கல்யாணம், ஒரு கிளாஸ்

ஓசூர், 12.4.2025

அன்பு மகள் மெஹக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இது நான்காவது கடிதம். தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ரம்ஜானுக்கும் நீ வரவில்லை. பக்ரீதுக்காவது வாயேன். அத்தா வாய்விட்டுக் கேட்கமாட்டார். சாப்பிட உட்காரும்போது உன் இடத்தை விட்டுத்தான் உட்காருகிறார்.

உன் அம்மா,
ஃபரீதா

பெங்களூரு, 20.4.2025

அம்மா, வஅலைக்கும் ஸலாம்.

ஆபீஸில் ஓசூர்க்காரர் ஒருவர், "எங்க ஊர்ல ஒரு பாய் கடைப் பலகையில ஒரு ஐஸ்கிரீம் பேரு இருக்கு, நின்னுபோன கல்யாணம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கதையைப் பலகையில் எழுதி விற்கிறாரா அத்தா? அது இறங்கட்டும், வருகிறேன்.

மெஹக்

ஓசூர், 27.4.2025

மெஹக் கண்ணு,

அத்தா உன்னைக் குத்திக்காட்ட வைத்த பேரில்லை அது. உன் கல்யாணம் நின்ற அன்றைக்கு மண்டபத்தில் நானூறு பேருக்கு ரோஸ் ஐஸ், பாதாம் பால், சேமியா எல்லாம் இருந்தது. வீணாக்குவது பாவம் என்று கடைக்குக் கொண்டுபோய், ஒரே கிளாஸில் அடுக்கடுக்காகப் போட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்.

"என்ன விசேஷம் பாய்?"

"எம் பொண்ணு கல்யாணம். நின்னுபோச்சு."

மறுநாள் அதே ஆட்கள் வந்து, "பாய், அந்த நின்னுபோன கல்யாணம் இருக்கா?" என்றார்கள். அப்படி வந்த பேர். பலகையில் எழுதியது மட்டும்தான் அவர் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. நிக்காஹ்வுக்கு உன் சம்மதம் கேட்க வந்த பெரியவர்கள் இரண்டு தரம் கேட்டும் நீ பேசவில்லை. "வெக்கப்படுறா, சம்மதந்தான்" என்று நான் சொன்னேன். பதில் சொல்ல அல்லாஹ் உனக்குக் கொடுத்த உரிமையை நான் பிடுங்கினேன். அதன் பிறகுதானே நீ "வேண்டாம்" என்று கத்தினாய்? ஒவ்வொரு தொழுகையிலும் இதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

அம்மா

ஓசூர், 19.5.2025

மெஹக்,

வியாழக்கிழமை அத்தா கடையிலிருந்து சீக்கிரமே வந்து படுத்துவிட்டார். "நம்ம பொண்ணு வந்தாடி" என்றார். "முகத்த மூடியிருந்தா. கிளாஸ் வாங்கும்போது கையைப் பாத்தேன். சின்னதுல பால் கொட்டி வெந்த அதே தழும்பு."

"ஏங்க கூப்பிடல?"

"அந்தப் பேரச் சொல்லித்தான் கேட்டா. எனக்கு வாயே வரல."

மறுநாள் காலையில் பலகையைக் கழற்றிவிட்டார். இப்போது அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

நேற்று நான் கடையில் இருந்தேன். கம்பெனி பஸ் வந்தது. இறங்கியவர்கள் பலகை இருந்த சுவரைப் பார்க்கவேயில்லை. "பாய், நின்னுபோன கல்யாணம் மூணு" என்றார்கள். அத்தா என்னைப் பார்த்தார். பிறகு மூன்று கிளாஸ் எடுத்தார்.

பக்ரீத் ஜூன் ஏழாம் தேதி. உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன். பலகை இறங்கியும் பேர் இறங்காதபோது, எந்த முகத்தோடு இனி உன்னை வா என்பேன்?

அம்மா